கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே

படக்கதையில் ஒரு கட்டத்தையும் அடுத்த கட்டத்தையும் பிரிக்க ஒரு கோடு போதும். ஸ்கேலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துவிட்டால் தீர்ந்தது. வாசிக்கிறவரின் கண்ணும் அந்தக் கோட்டைப் பார்க்காமலே தாண்டிப் போகப் பழகியிருக்கிறது. 1954 செப்டம்பர் 20ஆம் தேதி லண்டனின் ‘ஈவனிங் நியூஸ்’ மாலைப் பத்திரிகையில் தொடங்கிய மூமின் படக்கதையில் மட்டும் அந்தக் கோடு அடிக்கடி காணாமல் போகிறது. அது இருக்க வேண்டிய இடத்தில் வேறெதாவது நிற்கிறது. காட்டில் நடக்கும் கதையென்றால் ஒரு மரம். தோட்டமென்றால் மண்வெட்டியோ வாரியோ. வீட்டுக்குள் என்றால் தொங்கும் திரைச்சீலை, கடற்கரையென்றால் ஒரு கம்பம் அல்லது தூண்டில் கழி. கதைக்குள் கிடக்கும் பொருளே எழுந்து நின்று கதையை வெட்டும் வேலையையும் பார்த்துவிடுகிறது.

இப்படிச் செய்யும்படி பத்திரிகைக்காரர்கள் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு மூன்று நான்கு கட்டம், ஏழு வருடத்துக்கு ஒப்பந்தம். அந்த வேகத்தில் வரைகிறவருக்கு ஸ்கேல்தான் லாபம். ஒவ்வொரு கோட்டுக்கும் பதில் ஒரு மரத்தைப் பட்டையும் கணுவுமாக நட்டுக்கொண்டிருப்பது, கணக்குப் பார்த்தால், வீண் வேலை. அந்த வீண் வேலையைப் பார்த்துத்தான் நான் அதை வரைந்த தூவே யான்சனிடம் மாட்டிக்கொண்டேன்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி சொல்வார்கள்: ஓவியராக வேண்டுமென்று தவித்த ஒரு பெண்மணி, தான் விளையாட்டாகப் படைத்த உருண்டை மூக்குப் பிராணிகளிடம் சிறைப்பட்டார், பத்திரிகைத் தொடர் அவருடைய நல்ல ஆண்டுகளைத் தின்றுவிட்டது. அவரே இதற்கு இடம் கொடுத்திருக்கிறார். பல்வலி இருந்த காலத்தை யாரும் திரும்ப நினைத்துப் பார்க்க விரும்புவதில்லை, படக்கதை விஷயமும் தனக்கு அப்படித்தான் என்ற பொருளில் பின்னால் பேசினார். வலித்தது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் வலித்ததாலேயே அது வீணாகிப்போன காலம் என்று முடிவு கட்ட எனக்கு மனமில்லை. அந்த மரங்கள் விடவில்லை.

1914 ஆகஸ்ட் 9ஆம் தேதி ஹெல்சின்கியில் பிறந்தார். பின்லாந்தில் ஸ்வீடிஷ் பேசும் சிறுபான்மைக் குடும்பம். அப்பா விக்டர் யான்சன் சிற்பி. அம்மா சிக்னே ஹம்மர்ஸ்டென் ஸ்வீடனிலிருந்து வந்தவர், வீட்டில் எல்லோருக்கும் அவர் ‘ஹாம்’. சிற்பியின் வருமானம் எப்படி இருக்குமென்று சொல்ல வேண்டியதில்லை. நினைவுச் சின்னம் ஒன்று கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் இல்லை. ஆக வீட்டுக்குச் சோறு போட்டது ஹாமின் பேனா. புத்தக அட்டை, பத்திரிகைச் சித்திரம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தபால்தலை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பின்லாந்து அரசின் தபால்தலைகளை வடிவமைத்தவர் அவர். ஒரே கூரையின் கீழ் ஒரு பக்கம் ஆளுயரக் களிமண் உருவங்கள், இன்னொரு பக்கம் கட்டைவிரல் அகல இடத்துக்குள் ஒரு நாட்டையே அடக்கும் மெல்லிய கோடுகள். பெருமை முதலாவதற்கு, சம்பளம் இரண்டாவதற்கு. மகள் இரண்டையும் பார்த்து வளர்ந்தாள். ஓவியர் என்றால் அப்பா மாதிரி இருக்க வேண்டும் என்று ஆயுள் முழுக்க நம்பினார் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் கைக்கு வந்தது அம்மாவின் தொழில்.

மிகச் சிறிய வயதிலேயே வந்தது. சிறுவர் பத்திரிகை ஒன்றில் அவருடைய முதல் படக்கதை வெளியானது 1929இல். அப்போது வயது பதினான்கு. கதாபாத்திரங்கள் இரண்டு கம்பளிப்பூச்சிகள். அதே ஆண்டு, அம்மா வரைந்துகொண்டிருந்த ‘கார்ம்’ என்ற ஸ்வீடிஷ் மொழி நையாண்டிப் பத்திரிகையிலும் மகளின் படம் வந்தது. பள்ளிக்கூடத்தை விட்டு ஸ்டாக்ஹோமில் மூன்று ஆண்டு, திரும்பி வந்து ஹெல்சின்கியின் அத்தேனியம் கலைப்பள்ளி, பிறகு பாரிஸ் என்று படிப்பு நடந்தது. பக்கவாட்டில் கார்மும் நடந்தது. 1953இல் அது நின்றுபோகும் வரை ஏறத்தாழ நூறு அட்டைகளும் ஐந்நூறு கேலிச்சித்திரங்களும் அவர் கையிலிருந்து போயின.

அந்த அட்டைகளில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். 1938 அக்டோபர். ஐரோப்பிய வல்லரசுகள் ம்யூனிக்கில் கூடி செக்கோஸ்லோவாகியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்கு வெட்டிக் கொடுத்து முடித்திருந்த நேரம். கார்ம் அட்டையில் ஹிட்லர் ஒரு பிடிவாதக் குழந்தை. கீழே உதைத்துக்கொண்டு கேக் கேட்டு ஓலமிடுகிறது. சுற்றிலும் பெரியவர்கள் நாடுகளைத் தட்டில் வைத்து நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். பின்லாந்து ஜெர்மனியோடு பகைத்துக்கொள்ள விரும்பாத காலம், கொஞ்ச நாளில் அதன் பக்கத்திலேயே நின்று போரிட்ட நாடு. வீட்டில் அப்பா ஜெர்மனி பக்கம் சாய்ந்தவர். 1918 உள்நாட்டுப் போரில் வெள்ளையர் அணியில் நின்றவர். சாப்பாட்டு மேசையில் அப்பாவோடு பேச முடியாததை மகள் அட்டையில் வரைந்து அனுப்பினாள் என்று வைத்துக்கொள்ளலாம். இருபத்து நான்கு வயது.

போர் நடந்த ஆண்டுகளில் கார்ம் படங்களின் மூலையில், கையெழுத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்ன உருவம் ஒளிந்து நிற்க ஆரம்பித்தது. நீள மூக்கு, ஒல்லி உடம்பு, முகத்தில் கடுப்பு. அதற்கு முன்பே ஒரு கோடைக்காலத்தில் தம்பி பெர் ஊலொவுடன் தத்துவஞானி கான்ட்டைப் பற்றி வாக்குவாதம் முற்றியபோது, உலகத்திலேயே அவலட்சணமான ஒரு ஜந்துவைக் கழிவறைச் சுவரில் வரைந்து தம்பியைப் பழிதீர்த்துக்கொண்டாராம்; வம்சம் அங்கிருந்து தொடங்குகிறது. பிறகு அதற்கு வயிறு உருண்டது, மூக்கு பருத்தது, கடுப்பு போனது. முதல் மூமின் புத்தகம் 1945இல் வந்தது. வெள்ளத்துக்கு நடுவே அப்பாவைத் தேடி அலையும் ஒரு தாயும் பிள்ளையும்தான் கதை. குண்டுவீச்சில் நொறுங்கிய ஊரில் எழுதப்பட்ட கதைக்கு விளக்கவுரை வேண்டாம். அடுத்த ஆண்டு வந்ததில் வால்மீன் ஒன்று பூமியை நோக்கி வருகிறது. கடல் வற்றிப்போகிறது, அதன் அடித்தளத்தைப் பொய்க்கால் கட்டிக்கொண்டு கடக்கிறார்கள். ஹிரோஷிமா அதற்கு ஓராண்டு முன்னால்.

அதே வால்மீன் கதையைத்தான் 1947இல் ‘நூ டீட்’ என்ற இடதுசாரிப் பத்திரிகைக்குப் படக்கதையாக மாற்றிக் கொடுத்தார். ஆசிரியர் அத்தோஸ் விர்த்தானென் அவருடைய அப்போதைய காதலர். சில மாதங்களில் அது நின்றது. லண்டனிலிருந்து சார்லஸ் சட்டன் என்பவரின் கடிதம் வந்தது 1952இல். அஸோசியேட்டட் நியூஸ்பேப்பர்ஸ் நிறுவனத்துக்குப் படக்கதைகளைப் பிடித்துக் கொடுப்பது அவர் வேலை. குழந்தைகளுக்காக அல்ல, வேலை முடிந்து ரயிலில் வீடு திரும்பும் பெரியவர்களுக்காக மூமினை வரைய முடியுமா என்பது கேள்வி. முப்பத்தெட்டு வயதுவரை மாதச் சம்பளம் என்ற ஒன்றைப் பார்க்காத ஓவியர் சரி என்றார். தொடர் போக மீதி நேரமெல்லாம் தைல வண்ணத்துக்கு என்று நினைத்தாராம். தினசரித் தொடரைப் பற்றி அறிந்த எவரும் இந்த இடத்தில் சிரித்துவிடுவார்கள். நம் ஊரில் ‘கன்னித்தீவு’ என்று சொன்னாலே போதும், முடிவில்லாமை என்றால் என்னவென்று புரிந்துவிடும்.

வேலை நடந்த விதம் இது. கதையைத் தூவே ஸ்வீடிஷில் எழுதிப் பென்சிலில் வரைவார். கடைசித் தம்பி லார்ஸ் வசனத்தை ஆங்கிலத்தில் மாற்றுவான். லண்டன் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு மை. ஒவ்வொரு நாள் துண்டும் தனியாக நிற்க வேண்டும். நேற்றையதை மறந்தவனுக்கும் புரிய வேண்டும். நாளைக்கு வாங்கவைக்க வேண்டும். மட்டமான தாளில் வேகமாக அச்சாகும் என்பதால் நுண்ணிய நிழல் தீற்றல்களெல்லாம் அங்கே அப்பிக்கொண்டுவிடும். கோடு தெளிவாக இருக்க வேண்டும், வெள்ளை நிறைய வேண்டும்.

அந்தக் கட்டாயங்களுக்குள் அவர் செய்ததைப் பாருங்கள். 1955இல் மூமின் குடும்பம் ரிவியேராவுக்குப் போகும் கதை. மிகப் பெரிய ஓட்டலில் ராஜா அறையில் தங்குகிறார்கள்; உபசரிப்பு என்று நினைத்துக்கொள்கிறார்களே ஒழிய, இதற்கெல்லாம் காசு உண்டு என்று அவர்களுக்கு உறைப்பதில்லை. அப்பா கனவான்களோடு சேர்ந்து தானும் ஒரு பிரபு என்று ஆகிவிடுகிறார். மகனின் காதலிக்குச் சினிமாக்காரன் ஒருவன் மேல் கண். அம்மாவுக்கு மட்டும் எதுவும் ஒட்டவில்லை. கடைசியில் அவளும் பிள்ளையும் கடற்கரையில் கவிழ்த்துப்போட்ட படகுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறார்கள். பணம் வரத் தொடங்கிய ஆண்டில் பணத்தைப் பற்றி இவ்வளவு அலட்டலில்லாமல் வரைய முடிந்திருக்கிறது. மூமினுக்கு முகபாவம் காட்ட வாய்கூடக் கிடையாது என்பதையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலான கட்டங்களில் மூக்குதான் முகம். புருவத்தின் ஒரு சிறு கோடு, கண்மணி எந்த ஓரத்தில் இருக்கிறது, காது எவ்வளவு சாய்ந்திருக்கிறது, வயிறு எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்பதில்தான் வெட்கம், ஆசை, சந்தேகம் எல்லாம். ஒரே உருவத்தை ஆயிரக்கணக்கான முறை போட்டுப் போட்டுத்தான் அந்தச் சிக்கனம் கைக்கு வரும். முதல் புத்தகத்தின் மூமினையும் 1957 புத்தகத்தின் மூமினையும் அருகருகே வைத்தால் நடுவில் நடந்தது என்னவென்று தெரிந்துவிடும். நடுவில் நடந்தது அந்தத் தொடர்.

தொடரின் உச்சத்தில் நாற்பது நாடுகளில் நூற்று இருபது பத்திரிகைகள், இரண்டு கோடி வாசகர்கள் என்று சொல்வார்கள். பொம்மை, பீங்கான், திரைத்துணி எல்லாம் வந்தன. உரிமம் கேட்டும் புகார் சொல்லியும் கடிதங்கள், குழந்தைகளின் கடிதங்கள். குழந்தைகளுக்குத் தன் கையாலேயே பதில் போட்டார். ஆண்டுக்கு இரண்டாயிரம் வரை வந்ததாகக் கணக்கு. நாட்குறிப்பில் யோசனைகள் வற்றுவதைப் பற்றிய பயம். தைல வண்ணம் காய்ந்தது.

இந்த இடத்தில்தான் 1957இல் வெளிவந்த குளிர்காலப் புத்தகம் வருகிறது. மூமின்கள் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை தூங்கும் ஜாதி. அதில் ஒருவன் மட்டும் நடுவில் விழித்துக்கொண்டு மறுபடி தூக்கம் வராமல், அம்மா எழுந்திருக்காத வீட்டில், தான் இதுவரை பார்த்தேயிராத பனிக்குள் தனியாக இறங்குகிறான். கதையைவிட எனக்குப் படங்கள் முக்கியம். தொடரில் இரண்டு மூன்று ஆண்டுகளாக வெள்ளை, வெள்ளை என்று வரைந்த கை இங்கே பக்கத்தை முழுக்கக் கறுப்பாக்கிவிடுகிறது. கறுப்பைச் சுரண்டி வெளியே எடுத்தாற்போல மரக்கிளைகள், பனித்துகள். அடியில் ஒரு சின்ன வெள்ளை உருவம், முதுகைக் காட்டிக்கொண்டு. பத்திரிகை அச்சு தாங்காத அத்தனை இருட்டையும் ஒரே புத்தகத்தில் கொட்டியிருக்கிறார். பகலில் தொடர் இல்லாதிருந்தால் இரவில் இந்தப் புத்தகம் வந்திருக்காது என்பது என் கட்சி. நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தச் சின்ன வெள்ளை உருவத்தைப் பாருங்கள். முகமே தெரியாமல், முதுகிலேயே தனிமையைக் காட்டுகிற அந்தத் திறமையை எந்தக் கலைப்பள்ளியும் கற்றுத் தரவில்லை.

அந்தக் குளிரில் அவனுக்குத் துணை கிடைப்பது டூ-டிக்கி என்கிறவள். கோடுபோட்ட பனியன், தலையில் குல்லாய், கடலோரக் குளியல் கொட்டகையில் ஜாகை. எதையும் தீர்த்துவைக்க மாட்டாள், பக்கத்தில் இருப்பாள், வேலையைப் பார்ப்பாள். தூவேயின் வாழ்க்கைக்குள் சற்று முன்புதான் வந்திருந்த தூலிக்கி பியெட்டிலாதான் அது. அவர் பதிப்போவியர், கலைப்பள்ளி ஆசிரியர். பின்லாந்தில் 1971 வரை ஒருபாலுறவு தண்டனைக்குரிய குற்றம். அந்தச் சட்டம் நடப்பில் இருந்தபோதே குழந்தைகள் புத்தகம் ஒன்றில் தன் துணைவியை ஊரறிய உட்காரவைத்துவிட்டார். குளிர்காலப் புத்தகத்தைத் தன்னால் எழுத முடிந்ததே தூலிக்கியால்தான் என்று நன்றியோடு சொல்லியிருக்கிறார். தொடரை விட்டு வெளியே வரும் வழியும் அவரோடு சேர்ந்துதான் கண்டார்.

கட்டம் என்பதை உடைத்துப் பார்க்கும் ஆசை அவருக்குத் தொடருக்கு முன்பே இருந்தது என்பதற்கு 1952இல் வந்த ஒரு படப்புத்தகம் சாட்சி. அம்மாவுக்குப் பால் வாங்கிக்கொண்டு காட்டு வழியாக வீட்டுக்குப் போகிறான் மூமின். ஒவ்வொரு பக்கத்திலும் ஓட்டை வெட்டியிருக்கும். அதன் வழியே அடுத்த பக்கத்தின் ஒரு துண்டு தெரியும்; வீடு வந்துவிட்டது என்று நம்பிப் புரட்டினால் வேறெதுவோ. வந்த பாதையும் பின்பக்க ஓட்டைகளில் தெரிந்துகொண்டிருக்கும். எழுத்துகள்கூட அவர் கையாலேயே எழுதியவை. இரண்டு ஆண்டு கழித்து அதே கைக்குத்தான் பத்திரிகையின் ஒட்டிய நீளப் பட்டை கிடைத்தது. ஓட்டை வெட்ட முடியாது. மரம் நடலாம்.

ஒப்பந்தம் முடிந்தபோது புதுப்பிக்கவில்லை. ஏற்கெனவே கதை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த லார்ஸ் அதற்குள் ரகசியமாக வரையப் பழகியிருந்தான். ஓவியம் படித்தவனல்ல. அம்மாவுக்கும் அக்காவுக்கும் கூடப் பிறந்த கையெழுத்துப் போல இருந்ததை அவன் முப்பது வயதைத் தாண்டி உட்கார்ந்து கற்றுக்கொண்டான். 1960இலிருந்து 1975 வரை, அக்கா வரைந்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான காலம், தொடரைத் தனியாக இழுத்தது அவன்தான்.

விடுதலையான கை என்ன செய்தது? மற்றவர்கள் புத்தகங்களுக்கு வரைந்தது. ஸ்வீடிஷில் வந்த லூயிஸ் கரோலின் இரண்டு புத்தகங்கள், நடுவில் 1962இல் டோல்கீனின் ‘ஹாபிட்’. அந்த வேலைக்கு அழைத்தவர் பதிப்பகத்தில் அப்போது ஆசிரியராக இருந்த அஸ்ட்ரிட் லிண்ட்கிரென், பிப்பி நீள்காலுறையை எழுதியவரேதான். இந்தப் படங்களில் மனிதர்களும் குள்ளர்களும் எறும்பளவு. மலை, மழை, டிராகன் வாலடித்த ஏரி ஆகியவைதான் பக்கத்தை ஆள்கின்றன. வருடக்கணக்காகப் பாத்திரங்களையே கட்டத்தின் நடுவில் நிறுத்திச் சலித்தவர் கடைசியில் அவர்களை ஓரத்துக்குத் தள்ளிவிட்டாற்போல இருக்கிறது. அதில் ஒரு வேடிக்கை. குகை நீரில் வாழும் கொல்லம் என்ற ஜந்து எவ்வளவு பெரியது என்று டோல்கீன் எழுதியிருக்கவில்லை. தூவே அதைக் கதைநாயகன் பில்போவைப்போல் பல மடங்கு உயரத்துக்கு, பூதமாக வரைந்துவிட்டார். பின்னால் வந்த பதிப்பில் டோல்கீன் அது சிறியது என்று ஒரு சொல்லைச் சேர்த்தார். மூலத்தைத் திருத்தவைத்த சித்திரக்காரர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? படத்தைப் பிழை என்கிறவர்கள் உண்டு. சொல்லப்படாத இடத்தில் பயத்தின் அளவை வரைந்தது எப்படிப் பிழையாகும் என்று எனக்குப் புரியவில்லை.

1966இல் ஆண்டர்சன் பதக்கம். 1970இல் கடைசி மூமின் நாவல். அதில் மூமின்களே கிடையாது. அவர்களைத் தேடி வருகிறவர்கள் காலி வீட்டில் கூடி, ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு, காத்திருக்கிறார்கள். அதே ஆண்டுதான் ஹாம் இறந்தார். அதற்குப் பிறகு எழுதியதில் பெரும்பகுதி பெரியவர்களுக்கு.

அந்தப் பெரியவர் கதைகளில் ஒன்று 1978இல் வந்த தொகுப்பில் இருக்கிறது. பெயரே ‘படக்கதைக்காரன்’. பத்திரிகையில் நெடுங்காலம் ஓடிய தொடரின் ஓவியர் ஒருநாள் காரணம் சொல்லாமல் எழுந்து போய்விடுகிறார். தொடர் நிற்கக் கூடாது, வாசகனுக்கு ஆள் மாறியது தெரியவும் கூடாது. புதியவன் ஒருவனை அமர்த்தி, அதே அறை, அதே மேசை, அதே கோடு என்று ஒப்படைக்கிறார்கள். அவனுக்கோ மற்ற எதையும்விட, முன்னவர் ஏன் போனார் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொடரை விட்டு எழுந்து போனவர் தூவே. போனவரின் நியாயத்தைச் சொல்லும் கதையை அவர் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருக்கலாம். பல்வலிக் கதையாகவே அது முடிந்திருக்கும். அவர் கதையைப் பின்னால் வந்து உட்கார்ந்தவன் பக்கமிருந்து எழுதினார். ஆறின நாற்காலி, இழுப்பறையில் இன்னொருவரின் மிச்சங்கள், தன் கை தன்னுடையதாக இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை: இதெல்லாம் அவர் பட்டதல்ல, லார்ஸ் பட்டது. தொகுப்பு வெளிவந்தபோது அவன் தொடரை நிறுத்தி மூன்று ஆண்டு ஆகியிருந்தது.